கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு: முதல் செமஸ்டருக்கு முன்பே போட வேண்டிய கணக்கு

கலிஃபோர்னியாவில் பிள்ளை ஹைஸ்கூல் முடித்துவிட்டுக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறான் என்று சொல்லும்போது நம் வீடுகளில் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். நல்ல இடம் கிடைக்கவில்லை போல என்று கேட்பவரும் நினைத்துக்கொள்வார். ஊரில் ஒரு கட்-ஆஃப், ஒரு கவுன்சலிங், அதோடு கதை முடிந்தது என்று பழகியவர்களுக்கு, இரண்டு வருடம் ஓரிடத்தில் படித்துவிட்டு மூன்றாம் வருடம் வேறொரு பல்கலைக்கழகத்தில் போய் உட்காரலாம் என்பதே பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் இங்கே இது பின்வாசல் கிடையாது. 1960இல் மாநிலம் போட்ட மாஸ்டர் பிளானிலேயே இந்த வழி இருக்கிறது: மேலே யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா (இனி யூசி), அடுத்து கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி (இனி சிஎஸ்யு), எல்லோருக்கும் கதவு திறந்த கம்யூனிட்டி காலேஜ்கள், அங்கிருந்து மேலே ஏறிப்போக ஒரு பாதை. இன்று இந்தக் காலேஜ்கள் 116. யூசிக்கு டிரான்ஸ்ஃபராகி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் இவற்றிலிருந்து வருபவர்கள்தான். கடைசியில் கையில் கிடைக்கும் பட்டம் பெர்க்லி (யூசியின் ஒரு வளாகம்) பட்டம் என்றால் பெர்க்லி பட்டம்தான், முதல் இரண்டு வருடம் எங்கே படித்தீர்கள் என்று அதில் எழுதியிருக்காது.

பணத்தைப் பாருங்கள். மாநில வாசியாகக் கணக்கில் வந்தால் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர், அதோடு சில்லறைக் கட்டணங்கள். யூசியில் அதே ஒரு வருடத்துக்கு உள்மாநிலத்தவருக்கே 14 ஆயிரம் டாலருக்கு மேல், சிஎஸ்யுவில் 6 ஆயிரத்துக்கு மேல், அதுவும் தங்குமிடம் சாப்பாடு சேர்க்காமல். வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்துவிடும்.

இனி நான் சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும். டெக்சஸ், நியூ ஜெர்சி, வர்ஜீனியா எல்லாவற்றிலும் கம்யூனிட்டி காலேஜ் உண்டு, டிரான்ஸ்ஃபரும் உண்டு, ஆனால் விதிகள் வேறு. அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காலண்டரைப் பின்னாலிருந்து படியுங்கள்

பெரும்பாலான புதியவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது, மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு வருடம் இருக்கிறதே, முதல் வருடம் நிதானமாகப் பழகிக்கொள்வோம், இரண்டாம் வருடம் டிரான்ஸ்ஃபரைப் பார்ப்போம் என்று நினைப்பது இயல்பு. யூசி விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் காலமோ அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை. அதாவது இரண்டாம் வருடத்தின் முதல் செமஸ்டரே இன்னும் முடிந்திருக்காது. விண்ணப்பத்தில் கிரேடோடு எழுதக்கூடியவை முதல் வருடத்து இரண்டு செமஸ்டரும், நடுவில் சம்மரில் ஏதாவது எடுத்திருந்தால் அதுவும்தான். நிதானமாகப் பழகிக்கொள்ளலாம் என்று விட்ட அந்த முதல் வருடம்தான் உங்களை எடைபோடுகிறது.

கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டு மண்டபம், சமையல், பத்திரிகை என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவோம் இல்லையா, அதே மாதிரிதான் இதையும் போட வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம், எந்த மேஜர் (பட்டத்துக்கான முக்கியத் துறை), அதற்கு என்னென்ன பாடங்கள், அந்தப் பாடங்களுக்கு முன்னால் என்ன பாடங்கள், அப்படியென்றால் முதல் செமஸ்டரில் எது. இந்த வரிசையில் வந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லோரும் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர்: சீட் காலியாக இருக்கும் கிளாஸில் சேர்வது, நண்பன் எடுப்பதை எடுப்பது, ஆசிரியருக்கு இணையத்தில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து முடிவு செய்வது. நட்சத்திரத்தைப் பாருங்கள், தப்பில்லை, ஆனால் அது கடைசி வடிகட்டியாக இருக்கட்டும்.

மேஜர் இன்னும் தெரியவில்லை என்றால்? பரவாயில்லை, ஆனால் இரண்டு மூன்று சாத்தியங்களாவது எழுதி வையுங்கள். ஃப்ரெஷ்மேனாக (முதல் வருடத்திலேயே) யூசியில் சேர்பவர்களுக்கு யோசித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் இடம் இருக்கும். டிரான்ஸ்ஃபர் மாணவரை ஒரு மேஜருக்கென்றே எடைபோட்டு எடுக்கிறார்கள், உள்ளே போன பிறகு கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்றவற்றுக்கு மாறுவது மிகவும் கடினம். ஏதாவது சுலபமான மேஜரில் உள்ளே நுழைந்து அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்டுக்கொண்டு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்.

அசிஸ்ட் டாட் ஆர்க்: இதை நீங்களே படிக்க வேண்டும்

அசிஸ்ட் டாட் ஆர்க் என்று ஒரு தளம். உங்கள் காலேஜ், போக வேண்டிய யூசி அல்லது சிஎஸ்யு வளாகம், மேஜர் ஆகிய மூன்றையும் கொடுத்தால், அங்கே கேட்கும் எந்தப் பாடத்துக்கு இங்கே இருக்கும் எந்தப் பாடம் சமம் என்று இடது வலதாகக் காட்டும். இந்தப் பொருத்தத்தை ஆர்ட்டிகுலேஷன் என்று சொல்வார்கள். அதிகாரபூர்வமானது, இலவசம், வருடாவருடம் புதுப்பிக்கப்படுவது. காலேஜில் சேரும் முன்பே இதைத் திறந்து பாருங்கள், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு காலேஜ்களுக்கே இதில் வித்தியாசம் வரும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. வலது பக்கத்தில் "பொருத்தமான பாடம் இல்லை" என்று வந்தால், அதற்குச் சமமாக ஏற்கப்பட்ட பாடம் உங்கள் காலேஜில் கிடையாது என்று அர்த்தம். பக்கத்துக் காலேஜில் இருக்கிறதா என்று தேடுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கம்யூனிட்டி காலேஜில் படிப்பது இங்கே சர்வ சாதாரணம், ஆன்லைனிலும் எடுக்கலாம். சில இடங்களில் ஒரு பாடத்துக்குப் பதில் இரண்டு பாடங்களை "மற்றும்" என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள், அதில் ஒன்றை மட்டும் முடித்தால் எதுவும் முடிக்காத மாதிரி. கால்குலஸ், பிசிக்ஸ் போன்ற தொடர் பாடங்களில் இது இன்னும் சிக்கல். டி ஆன்சா, ஃபுட்ஹில் என்ற இரண்டு காலேஜ்களும் குவார்ட்டர் முறையில் (செமஸ்டரைவிடச் சிறிய பருவங்களாக) நடப்பவை. டி ஆன்சாவில் கால்குலஸ் நான்கு குவார்ட்டராகப் பிரிந்திருக்கும். ஃப்ரீமாண்டில் இருக்கும் ஓலோனி மாதிரி செமஸ்டர் காலேஜில் அதே விஷயம் மூன்று செமஸ்டர். முதல் இரண்டை அங்கே, மிச்சத்தை இங்கே என்று எடுத்தால் நடுவில் ஒரு அத்தியாயம் இரண்டிலும் விடுபட்டுப்போகும், அல்லது பொருத்தம் செல்லாமல் போகும். தொடர் பாடத்தை ஆரம்பித்த காலேஜிலேயே முடிப்பதுதான் நல்லது. யூனிட் கணக்கிலும் இதே வம்பு: ஒரு குவார்ட்டர் யூனிட் என்றால் செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய குறைந்தபட்சம் 60 செமஸ்டர் யூனிட், அல்லது 90 குவார்ட்டர் யூனிட்.

பாட எண்கள் மாறிக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள். எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து, 2025 இலையுதிர் பருவத்திலிருந்து முதல் கட்டமாகச் சில பாடங்கள் மாறியிருக்கின்றன, அடிப்படை ஆங்கிலம் இப்போது சி1000 என்ற எண்ணோடு வரும். சீனியர் ஒருவர் பழைய எண்ணைச் சொன்னால் குழம்ப வேண்டாம்.

அசிஸ்டில் பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்கள் இல்லை. யூஎஸ்சிக்கு (யூனிவர்சிட்டி ஆஃப் சதர்ன் கலிஃபோர்னியா) போக நினைப்பவர்கள் அவர்களுடைய தளத்திலேயே தனிப் பட்டியல் பார்க்க வேண்டும்.

கணக்குச் சங்கிலி

கம்ப்யூட்டர் சயன்ஸ், இன்ஜினியரிங் பக்கம் போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வழக்கமாகக் கேட்கும் கணிதம்: கால்குலஸ் 1, 2, பலமாறிக் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ். இவற்றைப் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும், கடைசி இரண்டை வேண்டுமானால் ஒரே செமஸ்டரில் வைக்கலாம். பிசிக்ஸ் தொடர் தொடங்க கால்குலஸ் 1 முடிந்திருக்க வேண்டும், அல்லது கூடவே ஓட வேண்டும். அப்படியென்றால் முதல் இலையுதிர் செமஸ்டரில் கால்குலஸ் 1, வசந்தத்தில் கால்குலஸ் 2 கூட முதல் பிசிக்ஸ், இரண்டாம் வருடத்தில் பலமாறிக் கால்குலஸும் இரண்டாம் பிசிக்ஸும், கடைசி செமஸ்டரில் மிச்சம். நான்கு செமஸ்டரும் நிரம்பிவிட்டது, இதற்கு நடுவில்தான் புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்கிரீட் கணிதம், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் எல்லாம்.

முதல் செமஸ்டரில் ப்ரீகால்குலஸில் (கால்குலஸுக்கு முந்தைய பாடம்) தொடங்கினால் இந்தச் சங்கிலி அப்படியே ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். யூசி பெரும்பாலும் இலையுதிர் பருவத்துக்குத்தான் டிரான்ஸ்ஃபர்களை எடுக்கிறது என்பதால் ஒரு செமஸ்டர் தள்ளினால் ஒரு வருடம் தள்ளிய மாதிரி. இதைச் சரிசெய்ய ஒரே வழி சம்மர்: சேரும் முன்பு வரும் சம்மரிலேயே ப்ரீகால்குலஸை முடிப்பது. முன்பு மாதிரி இப்போது பிளேஸ்மென்ட் தேர்வு கிடையாது, ஹைஸ்கூல் மதிப்பெண்ணை வைத்தே எந்தக் கணக்கில் உட்காரலாம் என்று சொல்லிவிடுகிறார்கள், ஊரில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளும் ஒரு முறை இருக்கும். நம் ஊர் பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்கள் கால்குலஸ் 1இல் தாராளமாக உட்காரலாம். மூன்று வருடம் ஆகிவிட்டால்தான் என்ன என்று கேட்டால், ஒன்றும் ஆகாது, நிறையப் பேர் மூன்று வருடம் எடுக்கிறார்கள், யூசி அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. தெரிந்து எடுக்கும் மூன்றாம் வருடத்துக்கும் தெரியாமல் வந்து விழும் மூன்றாம் வருடத்துக்கும் செலவில் நிறைய வித்தியாசம் என்பதற்காகச் சொல்கிறேன், முக்கியமாக விசாவில் இருப்பவர்களுக்கு.

பொதுப் பாடங்களை எவ்வளவு எடுப்பது

மேஜர் பாடங்களுக்கு வெளியே ஆங்கிலம், வரலாறு, கலை, அறிவியல் என்று ஒரு தொகுப்பு உண்டு. இதற்குப் பெயர் இப்போது கால்-கெட்ஸி. 2025 இலையுதிர் பருவம் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதுதான், 34 செமஸ்டர் யூனிட், யூசிக்கும் சிஎஸ்யுவுக்கும் பொது. அதற்கு முன் இருந்த ஐகெட்ஸி பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கும் பழைய அறிவுரைகளை அப்படியே நம்ப வேண்டாம். இதில் ஒவ்வொரு பாடத்திலும் சி கிரேடாவது வேண்டும், சி மைனஸ் செல்லாது.

இதை முழுவதும் முடித்தே ஆக வேண்டுமா? மேஜரைப் பொறுத்தது. வரலாறு, சோஷியாலஜி, பொலிடிகல் சயன்ஸ் மாதிரி படிப்புக்குப் போகிறவர்கள் முடித்துவிட்டுப் போவது நிம்மதி. இன்ஜினியரிங், அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு மேஜர் பாடங்கள்தான் முதலில், பொதுப் பாடங்களில் குறைந்தபட்சத்தை மட்டும் முடித்தால் போதும். யூசி குறைந்தபட்சமாகக் கேட்பது ஏழு பாடங்கள்: ஆங்கிலத்தில் இரண்டு, கணிதத்தில் ஒன்று, மற்ற துறைகளிலிருந்து நான்கு. சிஎஸ்யுவுக்கு நான்கு பாடங்கள் உயிர்நாடி: பேச்சுத் தொடர்பு, எழுத்து, கிரிட்டிகல் திங்கிங், கணிதம். பேச்சுப் பாடத்தைக் கண்டு பயந்து கடைசி செமஸ்டருக்குத் தள்ளிப்போடும் பிள்ளைகள் அதிகம். முதல் வருடத்திலேயே எடுத்துவிடுங்கள், கிளாஸில் பாதிப் பேர் உங்களை மாதிரித்தான் நடுங்கிக்கொண்டு இருப்பார்கள்.

சேர்வதும் கவுன்சலரும்

சேர்வது சுலபம். சிசிசி-அப்ளை தளத்தில் இலவசமாக விண்ணப்பித்தால் ஓரிரு நாளில் மாணவர் எண் வந்துவிடும். உடனே ஓரியன்டேஷனை முடித்து, கவுன்சலரோடு உட்கார்ந்து எஜுகேஷன் பிளான் போட்டுவிட்டால் கிளாஸ் பதிவுக்கு முன்கூட்டிய தேதி கிடைக்கும். தேதி பிந்தினால் கால்குலஸும் ஆங்கிலமும் நிரம்பியிருக்கும், வெயிட்லிஸ்டில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலும் முதல் நாள் கிளாஸுக்குப் போய் உட்காருங்கள், வராதவர்களை எடுத்துவிட்டு வந்தவர்களுக்கு ஆசிரியர் இடம் கொடுப்பது வழக்கம். புத்தகச் செலவே இல்லாத கிளாஸ்களுக்கு அட்டவணையில் தனிக் குறி இருக்கும், அதையும் பாருங்கள்.

கவுன்சலர்கள் நல்லவர்கள், ஆனால் ஒருவருக்கு ஏகப்பட்ட மாணவர்கள், அரை மணி நேரம்தான் கிடைக்கும். வெறும் கையோடு போய் "எனக்கு என்ன எடுக்கலாம்" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அசிஸ்ட் பக்கங்களை அச்செடுத்து, நீங்களே ஒரு நான்கு செமஸ்டர் அட்டவணை போட்டுக்கொண்டு போய் "இதில் எங்கே ஓட்டை" என்று கேளுங்கள், அதே அரை மணி நேரம் வேறு மாதிரி போகும். பொதுக் கவுன்சலரைத் தவிர டிரான்ஸ்ஃபர் சென்டர் என்று தனியாக ஒன்று உண்டு, யூசி பிரதிநிதிகளே அங்கே வந்து உட்காரும் நாட்கள் இருக்கும். அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு மெசா என்ற திட்டம் பல காலேஜ்களில் இருக்கிறது, தகுதி இருந்தால் விடாதீர்கள். ஹானர்ஸ் திட்டம் இருந்தால் அதையும் விசாரியுங்கள், யூசிஎல்ஏ (யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) தன் டேப் என்ற ஏற்பாட்டின் வழியாகச் சில காலேஜ்களின் ஹானர்ஸ் மாணவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துப் பார்க்கிறது.

கிரேடு விஷயத்தில் ஒரு நாணயமான எச்சரிக்கை. கம்யூனிட்டி காலேஜ் சுலபம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். யூசி கேட்கும் குறைந்தபட்ச ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) மாநில வாசிகளுக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8. இதெல்லாம் விண்ணப்பம் போடும் தகுதி மட்டும், இடம் கிடைக்க எவ்வளவு வேண்டும் என்பது வேறு கணக்கு. எந்த வளாகத்தில், எந்த மேஜரில், எவ்வளவு ஜிபிஏ உள்ளவர்களை எடுத்தார்கள் என்று யூசியே வருடாவருடம் தன் தளத்தில் போடுகிறது, அதைப் பார்த்துக் குறி வையுங்கள். கிளாஸ் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் கடைசித் தேதிக்குள் விலகிவிடுங்கள். டபிள்யூ என்று ஒரு குறி விழும், ஜிபிஏவைத் தொடாது. டி, எஃப் வாங்கினால் மறுபடி எடுக்கலாம், ஆனால் சி வாங்கிய பாடத்தை நல்ல கிரேடுக்காகத் திரும்ப எடுக்க முடியாது, சி அப்படியே நிற்கும். இன்னொன்று, ஹைஸ்கூலில் படிக்கும்போதே ஆசைக்காகக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு கிளாஸ் எடுத்துப் பாதியில் விட்ட பிள்ளைகள் உண்டு. அந்தக் கிரேடும் காலேஜ் கிரேடுதான், எங்கும் போகாது, விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும்.

உத்தரவாதங்கள் இரண்டு

டேக் என்பது யூசி தரும் சேர்க்கை உத்தரவாதம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் தருவதில்லை. ஆறில் ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம், செப்டம்பர் 1 முதல் 30 வரை சமர்ப்பிக்க வேண்டும், அதாவது உண்மையான விண்ணப்பத்துக்கும் முன்னால். இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். ஜிபிஏ, பாடம் எல்லாம் வளாகத்துக்கு வளாகம் மாறும், கம்ப்யூட்டர் சயன்ஸ் மாதிரி நெரிசலான மேஜர்கள் பல இடங்களில் டேக்கில் சேராது. அந்த வருடத்துப் பட்டியலை யூசி வெளியிடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். டேக் போட்டுவிட்டு வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் அதே வளாகம், அதே மேஜரோடு போட வேண்டும், இல்லையென்றால் டேக் செல்லாது. என் கருத்து: தகுதி இருக்கிறவர்கள் யோசிக்காமல் டேக் போடுங்கள். பெர்க்லிக்கோ யூசிஎல்ஏவுக்கோ விண்ணப்பிப்பதை அது தடுக்காது, தூக்கம் மட்டும் கொஞ்சம் நன்றாக வரும்.

சிஎஸ்யு பக்கம் ஏடிடி என்ற இரண்டு வருடப் பட்டம். 2010இல் வந்த சட்டத்தின்படி இதை முடித்தவர்களுக்கு சிஎஸ்யுவில் எங்காவது ஒரு வளாகத்தில் இடம் உண்டு, அங்கே இன்னும் 60 யூனிட் படித்தால் இளங்கலை. "எங்காவது" என்பதை அழுத்திப் படியுங்கள். சான் ஹோசே ஸ்டேட்டில் நெரிசலான மேஜரில் இடம் என்று இது சொல்லவில்லை.

விண்ணப்பம்

யூசி விண்ணப்பம் ஆகஸ்ட் 1 திறக்கும். ஒரே விண்ணப்பத்தில் எத்தனை வளாகம் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், வளாகத்துக்குத் தனித்தனிக் கட்டணம். எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத்தேர்வு மதிப்பெண்களைப் பார்ப்பதே இல்லை. விண்ணப்பிக்கும்போது டிரான்ஸ்கிரிப்ட் (கிரேடுப் பட்டியல்) அனுப்ப வேண்டியதும் இல்லை, ஆனால் இதுவரை படித்த எல்லாக் காலேஜையும், ஊரில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு நிறுத்தியது உட்பட, கிரேடோடு நீங்களே தட்ட வேண்டும். இடம் கிடைத்த பிறகு டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிடுவார்கள், மறைத்தது தெரிந்தால் இடம் போய்விடும்.

கட்டுரைக் கேள்விகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள். ஒன்று கட்டாயம், அது உங்கள் மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்று கேட்கும், மற்ற மூன்றை ஏழிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். நம் பிள்ளைகள் இங்கே அடக்கமாக எழுதிக் கெடுத்துக்கொள்வார்கள். செய்ததைச் செய்தேன் என்று நேராகச் சொல்லுங்கள். மாலை நேரம் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்திருந்தால், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதெல்லாம் எழுத வேண்டிய விஷயம். வயலின் அரங்கேற்றம் மாதிரியே அதுவும் செல்லும்.

போட்டு முடித்ததும் ஆறிவிடாதீர்கள். ஜனவரியில் டிரான்ஸ்ஃபர் அகாடெமிக் அப்டேட் என்று ஒன்று நிரப்ப வேண்டும், ஜனவரி 31க்குள், இலையுதிர் செமஸ்டர் கிரேடுகளையும் வசந்தத்தில் என்ன எடுக்கிறீர்கள் என்பதையும் அதில் சேர்ப்பீர்கள். மின்னஞ்சலைப் பார்க்காமல் இதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. நிதியுதவிக்குத் தகுதி உள்ளவர்கள் ஃபாஃப்சாவில் (மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம்) போகப்போகும் பல்கலைக்கழகங்களைச் சேர்த்து மார்ச் 2ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மாநில அரசின் கால் கிராண்ட் உதவித்தொகைக்கு அதுதான் வழக்கமான கெடு.

விசாவில் இருப்பவர்களுக்கு

எச்-4இல் (எச் வகை வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளும் மனைவியரும் கணவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கலிஃபோர்னியாவில் ஒரு வருடம் ஒரு நாள் வாழ்ந்ததற்கும் இங்கேயே தங்கும் எண்ணத்துக்கும் சான்று காட்டினால் உள்மாநிலக் கட்டணத்துக்கு வர முடியும், அட்மிஷன்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள். முதலில் "நான்-ரெசிடென்ட்" என்று பதிவாகியிருந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம், மறுவகைப்படுத்தலுக்கு ஒரு படிவம் இருக்கிறது. ஃபாஃப்சா மட்டும் எச்-4க்குக் கிடையாது. பெரிய சிக்கல் 21 வயது. அன்றோடு பிள்ளைகளுக்கு எச்-4 முடிகிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் உள்மாநிலக் கட்டணம் கையை விட்டுப் போகலாம், யூசியில் அந்த வித்தியாசம் வருடத்துக்குப் பல ஆயிரம் டாலர். அந்தப் பிறந்தநாள் எந்த செமஸ்டரில் விழுகிறது என்று முதல் நாளே பார்த்து, குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள்.

ஏற்கெனவே ஊரில் பி.இ. முடித்துவிட்டு எச்-4இல் வந்திருப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: யூசி பொதுவாக இரண்டாவது இளங்கலைக்கு இடம் தருவதில்லை. உங்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் பயன்படுவது விட்டுப்போன பாடங்களைச் சேர்த்துக்கொண்டு முதுகலைக்குப் போகவோ, ஒரு சான்றிதழ் படிப்புக்கோதான்.

எஃப்-1இல் நேரடியாக வருபவர்களுக்கு 46 டாலர் கணக்கு பொருந்தாது, ஒரு யூனிட்டுக்குச் சில நூறு டாலர் ஆகும், அப்படியும் முதல் இரண்டு வருடத்துக்கு யூசியைவிட வெகு குறைவு. செமஸ்டருக்கு 12 யூனிட் குறையாமல் எடுக்க வேண்டும், அதில் ஆன்லைனாக ஒரு கிளாஸ், 3 யூனிட் வரைதான் கணக்கில் வரும். கிளாஸை விடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் பட்டனைத் தட்டாதீர்கள், 12க்குக் கீழே போனால் விசா நிலையே ஆட்டம் காணும்.

இடம் கிடைத்த பிறகு

யூசி முடிவுகள் ஏப்ரல் கடைசிக்குள் வந்துவிடும், வருகிறேன் என்று உறுதி சொல்ல ஜூன் 1 கெடு. சேர்க்கைக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும், வரி விடாமல் படியுங்கள்: வசந்த செமஸ்டரில் எடுப்பதாகச் சொன்ன பாடங்களை எடுத்து முடிக்க வேண்டும், கிரேடு ஒரு அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. எதையாவது விட வேண்டிய கட்டாயம் வந்தால் விட்ட பிறகு சொல்லாமல், விடும் முன்பே அந்த வளாகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கடைசி கிரேடுகள் பதிவானதும், படித்த ஒவ்வொரு காலேஜிலிருந்தும் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் ஜூலையில் சொன்ன தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், ஒரே ஒரு சம்மர் கிளாஸ் எடுத்த காலேஜாக இருந்தாலும் சரி. கால்-கெட்ஸி முடித்தவர்கள் அதற்கான சான்றிதழைத் தனியாகக் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும், டிரான்ஸ்கிரிப்டோடு அது தானாகப் போகும் என்று இருந்துவிடக் கூடாது. எஃப்-1இல் இருப்பவர்கள் படிப்பு முடிந்த 60 நாளுக்குள் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பதிவைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றச் சொல்லி, அங்கிருந்து ஐ-20 (மாணவர் விசாவுக்கான சான்றுப் படிவம்) வாங்கிக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போய்வர டிக்கெட் போடுவதாக இருந்தால் அந்தப் புது ஐ-20 கையில் வந்த பிறகு போடுங்கள்.